அப்பா எந்தப் பக்கம் ஓடுவார்?

1

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. நாங்கள் இருப்பது ஜப்பானின் தெற்குக் கடற்கரையில் ஒரு சிறிய ஊர். என்றைக்காவது சுனாமி வரும் என்பதை, தை பிறந்தால் பொங்கல் வரும் என்பதைப் போலச் சந்தேகமில்லாமல் ஒத்துக்கொண்டு வாழ்கிற ஊர். அதனால் இந்தக் காகிதம் எல்லா வீட்டிலும் இருக்கும். பள்ளிக்கூடத்தில் கொடுத்தனுப்புவார்கள். வீட்டில் யார் யார், பகலில் எங்கே இருப்பார்கள், கடல் பொங்கினால் எந்த மேட்டுக்கு ஓடுவார்கள் என்று பிள்ளைகள் விசாரித்துத் தங்கள் கையால் எழுத வேண்டும்.

மலர் எங்கள் ஒரே மகள், பதினொரு வயது. இந்த ஆண்டு அவள் எழுதியது இது. தனக்கு: பள்ளிக்குப் பின்னால் இருக்கும் குன்று. அம்மாவுக்கு: அம்மா வேலை செய்யும் சாப்பாட்டுப் பொட்டலக் கூடத்துக்குப் பக்கத்துக் கட்டடம், நான்காவது மாடி. அப்பாவுக்கு: தெரியாது.

இதில் கூத்து என்னவென்றால், யார் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று இந்த ஊருக்கு வரைபடம் போடுகிறவனே நான்தான். நில அளவை செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை. நகராட்சி கேட்கும் படங்களைப் போட்டுக் கொடுப்போம். ஊரில் தபால்காரருக்கு அடுத்தபடியாக எல்லாச் சந்தும் தெரிந்த ஆள் நான். என் பெயருக்கு நேரே ‘தெரியாது’ என்று என் பெண்ணே எழுதி வைத்தால் எப்படி இருக்கும்? இப்போது அந்தக் கட்டத்தில் வேறு எழுத்து இருக்கிறது. அது மாறிய கதையைத்தான் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

2

உத்திரமேரூர்க்காரனுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். ஒன்றும் கிடையாது. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் மாமல்லபுரம் போய், முழங்கால் வரை நனைந்து, ஒரு ஜோடி செருப்பைத் தொலைத்துவிட்டு வந்ததோடு சரி. படிப்பு முடித்து, கம்ப்யூட்டரில் வரைபடம் போடக் கற்று, செங்கல்பட்டில் கொஞ்ச நாள், அப்புறம் இங்கே. என் மனைவி செல்வி எங்களுக்குப் பக்கத்தில் பெருநகர் என்கிற கிராமத்துக்காரி. செய்யாற்று மணலைத் தவிர வேறு கரையை அவளும் பார்த்ததில்லை.

வந்த புதிதில் இந்த வேலையைக் கேவலமாகத்தான் நினைத்தேன். தண்ணீர் எவ்வளவு உயரம் வரும் என்று கணக்குப் போட்ட தாள் மேலிடத்திலிருந்து வரும். ஆழத்துக்கு ஒரு நிறம். மஞ்சள் என்றால் கணுக்கால், ஆரஞ்சு என்றால் இடுப்பு, சிவப்பு என்றால் பேச்சே இல்லை. நிறம் அடித்துக் கொடுத்தால் முடிந்தது என்று இருந்தேன்.

அந்த நினைப்பைத் துடைத்துப் போட்டவர் மோரி-சான். பெயருக்குப் பின்னால் ‘சான்’ சேர்ப்பது இங்கே மரியாதை. நகராட்சியில் பேரிடர்ப் பிரிவில் இருக்கிறார், ஐம்பது வயதுப் பெண்மணி, சிரிப்பது அபூர்வம். நான் முதல் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, “இந்த வழியில் நீங்கள் நடந்தீர்களா?” என்று ஒரே கேள்வி கேட்டார். இல்லை என்றேன். உடனே ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அன்று முதல் நடைதான். மோரி-சான் தன் வலது காலில் மணல் பையைக் கட்டிக்கொண்டு நடப்பார், காலை இழுத்து நடக்கிற கிழவர் ஒருவருக்கு அந்தப் படிக்கட்டு எத்தனை நிமிடம் ஆகும் என்று பார்க்க. நான் கையில் கடிகாரத்தோடு பின்னால் போவேன். பூமி ஆடினால் சாய்ந்து வழியை மறிக்கக்கூடிய மதில், கவிழக்கூடிய குளிர்பான இயந்திரம், சக்கர நாற்காலி சிக்கும் சாக்கடை மூடி, எல்லாம் படத்தில் ஏறும். நாய் கட்டியிருக்கிற வீட்டைக் கூடக் குறித்தார். நாயை அவிழ்க்க ஒரு நிமிடம் ஆகுமாம், அந்த நிமிடத்தையும் சேர்க்க வேண்டுமாம்.

வீடு வீடாகப் போய் யாரால் தனியாக நடக்க முடியாது என்று கேட்டு எழுதுவோம். என் ஜப்பானிய மொழி ஆபீசில் கற்றுக்கொண்டது. கதவைத் தட்டி நான் பேசினால் அரசாங்க அறிவிப்பு ஒன்று செருப்பு மாட்டிக்கொண்டு வந்து நிற்பது மாதிரி இருக்கும் என்று மலர் கேலி செய்வாள். ஆனாலும் யாரும் விரட்டியதில்லை. உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்து, படுக்கையில் கிடக்கும் அம்மாவைக் காட்டி, “இவரையும் எழுதிக்கொள்ளுங்கள்” என்பார்கள். ஒரு உயிரைக் கூட விடாமல் எழுதுகிற இந்த ஜனங்களைப் பார்த்து எனக்கு ஆச்சரியம் தீரவே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், இப்படி ஒரு பட்டியலை நான் அதுவரை பார்த்ததே கிடையாது.

3

இனி என் வண்டவாளம்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊருக்கே சுனாமி ஒத்திகை. தினமும் மாலை ஐந்து மணிக்குப் பாட்டுப் போடுகிற அதே ஒலிபெருக்கிக் கம்பங்களில் சங்கு ஊதியது. செல்வி பையை எடுத்தாள், மலர் தலைக்கவசம் மாட்டினாள். எனக்கு என்ன ஆனது என்று இன்றைக்கும் விளங்கவில்லை. “நீங்க ரெண்டு பேரும் மேல போங்க” என்று சொல்லிவிட்டு, செல்வி வெண்டைச் செடிக்கு மண் கிளற வைத்திருந்த மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, கட்டிய லுங்கியோடு ஓடினேன். கடலைப் பார்த்து.

பாதி ஊர் மேட்டைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கிறது. நான் ஒருவன் மட்டும் எதிரே வருகிறேன். கடல்சுவர் அடியில் போய் நின்று, எங்கே கசிகிறது என்று பார்த்தேன். பளபளக்கும் மேல்சட்டை போட்ட தொண்டர் ஒருவர் அட்டையும் பேனாவுமாக வந்து, மிகவும் பணிவாக, “ஏன் இங்கே வந்தீர்கள்?” என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு நினைவே வந்தது. மண்வெட்டியை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை.

மறுவாரம் நகராட்சியில் ஒத்திகை பற்றிப் பேசக் கூடினார்கள். ‘ஆண் ஒருவர், இடுப்பில் சுற்றிய துணியோடு, மண்வெட்டியுடன், கடலை நோக்கி’ என்று ஒரு வரி வாசித்தார்கள். பெயர் சொல்லவில்லை. இந்த ஊரில் லுங்கி கட்டுகிறவன் எத்தனை பேர்? எல்லார் கண்ணும் மேஜையைப் பார்த்தது. நானே எழுந்து, நான்தான் என்றேன். நம் ஊராக இருந்தால் அன்றோடு எனக்கு ஒரு பட்டப்பெயர் வந்திருக்கும், பேரன் காலம் வரை போகாது. இங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. மோரி-சான் பேனாவைத் திறந்து, காரணத்தைச் சொல்லுங்கள் என்றார்.

சொன்னேன். எங்கள் ஊர் ஏரிக்குக் கீழே இருக்கிறது. தண்ணீர் வருகிறது என்றால் வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு கரைக்குப் போக வேண்டும், கரை நின்றால்தான் ஊர் நிற்கும். இதுதான் நாங்கள் கண்ட வழக்கம். அவர் முழுவதையும் எழுதிக்கொண்டார். இந்த ஊரில் வேலை செய்யும் வியட்நாம்காரர்கள், நேபாளிகள் வீடுகளுக்கும் ஆள் அனுப்பி, உங்கள் ஊரில் தண்ணீர் வந்தால் எங்கே போவீர்கள் என்று கேட்கச் சொன்னார். வயலுக்கு மடை திறக்கப் போவோம் என்றவர்களும் இருந்தார்கள். இந்த வருடம் அச்சான படத்தின் ஓரத்தில், ஐந்து மொழிகளில், ‘கடல்சுவரைப் பார்க்கவோ பழுது பார்க்கவோ போக வேண்டாம்’ என்று ஒரு வரி இருக்கிறது. தமிழ் வரியை நானே எழுதிக் கொடுத்தேன். ஒருத்தன் செய்த முட்டாள்தனத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று நெகிழ்ந்துவிட்டேன்.

ஆனால் மேட்டுக்குப் போகிற வழியில் மலர் திரும்பிப் பார்த்திருக்கிறாள். நான் எதிர்த்திசையில் ஓடுவது அவள் கண்ணில் பட்டிருக்கிறது.

4

எனக்குப் பத்தொன்பது வயதிருக்கும்போது ஒரு கார்த்திகையில் நாலு நாள் விடாமல் மழை. ஏரி தளும்பியது. காலையில் தண்டோரா போட்டார்கள். “வூட்டுக்கு ஒரு ஆளு, மம்முட்டியோட கரைக்கு வரணும்.” எங்கள் நைனா செங்கல்பட்டுக்குப் போனவர் பஸ் இல்லாமல் மாட்டிக்கொண்டார். முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு நான்தான் ஆள். மண்வெட்டியைத் தோளில் வைத்தபோது இருந்த பெருமை இருக்கிறதே, கல்யாணத்தன்று கூட அவ்வளவு இல்லை, செல்வி இதைப் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். கரை முழுக்க ஆட்கள். மூட்டையில் மண் அள்ளிக் கசிவில் போட்டோம். நேற்றுவரை வரப்புச் சண்டை போட்டவர்கள் ஒரே மூட்டையின் இரண்டு முனையைப் பிடித்தார்கள். கரை நின்றது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு விம்மும்.

பொழுது உச்சிக்கு வந்தபிறகுதான் ஒருவருக்கு ஞாபகம் வந்தது. மிகுந்த தண்ணீர் வழிந்து ஓடும் வாய்க்காலுக்குப் பக்கத்தில் இருளர் குடிசைகள் ஏழெட்டு இருந்தன. நம் வயல்களில் கூலி வேலைக்கு வருகிறவர்கள். அங்கே தண்டோரா போகவே இல்லை. யாருக்கும் தோன்றவில்லை. என்னை ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வரச் சொன்னார்கள்.

போனால் குடிசைகள் காலி. அடுப்பு அணைந்திருந்தது. ஒரு கோழி கூட இல்லை. அக்கம் பக்கம் தேடிக்கொண்டே கோயில் மேட்டுக்குப் போனேன். அங்கே கன்னியம்மா என்று எட்டு வயசுப் பெண் ஒருத்தி, கூடையில் இரண்டு கோழியோடு தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா எங்கள் வயலில் களையெடுக்க வருவாள், அதனால் தெரியும். அம்மா அப்பா எங்கே என்று கேட்டேன். “தெரில. வருவாங்க.” நீ போய்த் தேடவில்லையா என்றேன். அந்தப் பெண் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

“அவுங்க இங்கதான் வருவாங்க. நானு தேடிக்கினு போனா, அவுங்க என்னத் தேடிக்கினு போவாங்க. அப்பறம் யாரு இங்க வர்றது?”

கொஞ்ச நேரத்தில் ஒரு பக்கமிருந்து அம்மா வந்தாள், வேறு பக்கமிருந்து அப்பா வந்தார். கட்டிப்பிடித்து அழவில்லை. அம்மா கோழியை எண்ணினாள், அவ்வளவுதான். என்ன ஜனம் இது, பெற்ற பிள்ளையைப் பற்றிக் கவலை இல்லையே என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே நான் கரைக்குத் திரும்பினேன்.

5

மலரின் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பதும் அதையேதான். அப்பா அம்மாவுக்காகக் காத்திருக்காதே. தேடிப் போகாதே. அவர்களும் மேலே ஓடியிருப்பார்கள் என்று நம்பி நீ ஓடு. ஒருவரை ஒருவர் தேடிப்போய்த்தான் குடும்பம் குடும்பமாகச் செத்திருக்கிறார்கள் என்று பிள்ளைகளிடமே பச்சையாகச் சொல்கிறார்கள். முதலில் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. பெற்றவனை விட்டுவிட்டு ஓடச் சொல்லிக் கொடுக்கிற பள்ளிக்கூடம் ஒரு பள்ளிக்கூடமா என்று செல்வியிடம் கத்தினேன். மலர் இப்போதெல்லாம் தமிழில் கனவு காண்பதில்லை, தட்டில் சாம்பாரைத் தொடுவதில்லை, என் நண்பர்கள் வந்தால் அறைக்குள் போய்விடுகிறாள். போதாததற்கு இதுவும் சேர்ந்ததா என்று இருந்தது.

‘தெரியாது’ என்று எழுதிய அன்று, ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்டேன். படிக்கட்டு ஏறிப் போகிற கோயில் குன்று என்று எழுது, அதுதான் என் ஆபீசுக்குப் பக்கம் என்றேன். அவள் எழுதவில்லை. டீச்சர் பொய் எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறாராம்.

“அப்பா, நீ மேல வரமாட்ட. நீ சுவர்கிட்ட போவ. இல்லன்னா என் ஸ்கூலுக்கு வருவ. அது எனக்குத் தெரியும்ல? அப்ப நான் எப்படி ஓடறது? நான் உன்னைத் தேடி இறங்கி வந்துருவேன்.”

நான் ஓடுவேன் என்று அவள் நம்பினால்தான் அவள் ஓடுவாள். நம்பாவிட்டால் என் பெண் அந்தக் குன்றிலிருந்து கீழே இறங்குவாள், சிவப்பு நிறத்துக்குள். அதை நான்தான் செய்து வைத்திருக்கிறேன், என் மண்வெட்டியோடு. செல்வி பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னாள்: “அது சொல்றது நாயமாத்தான் கீது. நீங்க இன்னா சொன்னாலும் அதுக்கு நம்பிக்கை வர்ல.”

மேட்டுக்குத்தான் ஓடுவேன் என்று சத்தியம் செய்தேன். மலர் தலையை ஆட்டினாள். காகிதத்தை மாற்றவில்லை.

6

இரண்டு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன். நானும் மோரி-சானும் மீன் அங்காடிக்கு மேலே ஒரு தெருவில் மதில் அளந்துகொண்டிருந்தோம். பூமி ஆடியது. பெரிய ஆட்டம் இல்லை, ஆனால் நிற்கவில்லை. தொட்டில் ஆடுவது போல ஆடிக்கொண்டே இருந்தது. இரண்டு பேர் போனும் ஒரே நேரத்தில் அலறின. பிறகு ஒலிபெருக்கி. சுனாமி எச்சரிக்கை, ஒத்திகை இல்லை என்று மறுபடி மறுபடி சொன்னது.

அந்தத் தெரு முனையில் வழி பிரிகிறது. வலது பக்கம் படிக்கட்டு, கோயில் குன்றுக்கு. இடது பக்கம் சாலை, மலர் பள்ளிக்கூடத்துக்கு. பள்ளிக் கூரை கண்ணுக்குத் தெரிகிறது. என் கால் இடது பக்கம் போனது. மூன்று அடி வைத்திருப்பேன்.

மோரி-சான் படியில் ஏறத் தொடங்கியிருந்தார். ஏறிக்கொண்டே, “உங்கள் படத்தில் அந்தச் சாலை என்ன நிறம்?” என்று கேட்டார். திரும்பிப் பார்க்கவில்லை. எனக்காக நிற்கவும் இல்லை. அவர் நின்றிருந்தால் நானும் நின்றிருப்பேன், கெஞ்சியிருப்பேன், இரண்டு பேரும் அங்கேயே இருந்திருப்போம்.

சிவப்பு. நானே அடித்த நிறம்.

திரும்பினேன். அந்தப் படிகளை நான் எத்தனையோ முறை கடிகாரம் பிடித்து ஏறியிருக்கிறேன். அன்று ஏறியது போல ஒரு நாளும் இல்லை. ஒவ்வொரு படிக்கும் பெண்ணை விட்டுவிட்டு வருகிறேன் என்று இருந்தது.

மேலே ஊரில் பாதி நின்றது. அழுகை இல்லை, கூச்சல் இல்லை. தெருத் தெருவாக நின்று பெயர் கூப்பிட்டுக் குறித்துக்கொண்டார்கள். நான் எழுதிய பட்டியலில் படுக்கையில் கிடந்த அந்த அம்மா, இரண்டு பேர் தூக்கிய நாற்காலியில், போர்வையோடு வந்து சேர்ந்திருந்தார். அவிழ்த்த நாயும் வந்திருந்தது.

வாட்ஸ்அப்பில் நைனா கூப்பிட்டார். நம் ஊர் டிவியில் அதற்குள் காட்டிவிட்டார்கள். செல்வி மாடியில் ஏறிவிட்டதாகச் செய்தி போட்டிருக்கிறாள் என்றேன். புள்ள எங்கே என்றார்.

“தெரில நைனா.”

“தெரிலயா? பெத்த அப்பன் பேசற பேச்சாடா இது? போயி இட்டாந்துடு.”

“போவக்கூடாது நைனா. அது மேல ஏறியிருக்கும்.”

“இன்னாடா சொல்ற? பாத்தியா நீ?”

பார்க்கவில்லை என்றேன். போனை வைத்துவிட்டார். சுற்றிலும் என்னைப் போலவே எத்தனையோ தகப்பன், தாய். எல்லாருக்கும் பிள்ளைகள் அந்தப் பக்கம், பள்ளிக் குன்றில். ஒருவரும் கீழே இறங்கவில்லை. எனக்கு ஒரு அடி தள்ளி மோரி-சான் பெயர்ப் பட்டியலோடு நின்றார். அவருடைய அப்பா மீன் அங்காடிப் பக்கம் தனியாக இருப்பவர், காலை இழுத்து நடப்பவர். மணல் பை கட்டி நடந்தது யாருக்காக என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் அப்பா பெயர் அந்தப் பட்டியலில் இன்னும் குறிக்கப்படவில்லை. மோரி-சான் அந்த வரியை ஒரு தரம் விரலால் தொட்டுவிட்டு, அடுத்த பெயரை உரக்கக் கூப்பிட்டார். இந்த ஜனங்களுக்குப் பாசம் இல்லை என்று இனி யாராவது என்னிடம் சொல்லட்டும், பார்க்கிறேன். கோயில் மேட்டில் கூடையோடு உட்கார்ந்திருந்த கன்னியம்மாவும் அவளைப் பெற்றவர்களும் நினைவுக்கு வந்தார்கள். அன்று அவர்களைத் திட்டியதற்கு மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன். யாரும் தண்டோரா போடாத, யார் பட்டியலிலும் இல்லாத ஏழெட்டுக் குடும்பம், இந்தப் பாடத்தைப் பள்ளிக்கூடம் இல்லாமலே தெரிந்து வைத்திருந்தது.

அலை வந்தது. துறைமுகத்தில் படகுகளைத் தூக்கிப்போட்டு, சுவருக்கு வெளியே இருக்கும் மீன் அங்காடித் தரையை நனைத்துவிட்டுப் போனது. கடல்சுவரைத் தாண்டவில்லை. மோரி-சானின் அப்பா தெற்குப் படி வழியாக வந்து வேறு தெருக்காரர்களோடு உட்கார்ந்திருந்தது பிறகு தெரிந்தது. எச்சரிக்கையை எடுத்தபோது மாலை ஆகிவிட்டது.

பள்ளிக் குன்றுக்கு ஓடினேன். மலர் தன் வகுப்போடு வரிசையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வரவில்லை, டீச்சர் பெயர் சொல்லும் வரை இருந்தாள். வந்து என் ஷூவைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

“எங்க இருந்த?”

“கோயில் குன்று.”

“சுவர்கிட்ட போகல?”

“போகல. உன் ஸ்கூல் பக்கம் மூணு அடி வந்தேன். அப்பறம் திரும்பிட்டேன்.”

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை.

“நானும் நாலு படி இறங்கினேன்” என்றாள். “அப்பறம் ஏறிட்டேன்.”

அங்கேயே, அத்தனை பேர் நடுவில், எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா, எல்லாரும் பாக்குறாங்க என்று அவள் என் கையைக் கிள்ளினாள். கையை விடவில்லை.

7

நைனா மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. நாலாம் நாள் மலரைக் கேட்டுப் போன் செய்தார். உங்கப்பன் உன்னைத் தேடி வரவே இல்லையாமே என்று பேத்தியிடம் முறையிட்டிருக்கிறார். “வரல தாத்தா. வந்திருந்தா நானும் இறங்கியிருப்பேன்” என்று அவள் பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போனை என்னிடம் நீட்டினாள். நைனா என்னிடம், ஊரில் நல்ல மழை, ஏரி முக்கால் இருக்கிறது என்றார். வாய்க்கால் ஓரத்துக் குடிசைகளுக்கு இப்போது யார் போய்ச் சொல்கிறார்கள் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, “விசாரிச்சு சொல்றேன்” என்றார். முந்தாநாள் கூப்பிட்டு, தானே போய் எத்தனை வீடு, யார் யார் என்று எழுதி வாங்கி வந்ததாகச் சொன்னார். ஒரு பிரதி எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

இங்கே எந்தப் படிவத்திலும் எழுதியதை ரப்பரால் அழிக்கக் கூடாது. தப்பின் மேல் இரண்டு கோடு இழுத்து, பக்கத்தில் முத்திரை குத்தி, அதன் மேலே சரியானதை எழுத வேண்டும். மலர் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃப்ரிட்ஜிலிருந்து காகிதத்தை எடுத்தாள். என்னிடம் குடும்ப முத்திரையைக் கேட்டாள். அடிமட்டம் வைத்து, ‘தெரியாது’ என்பதன் மேல் இரண்டு கோடு நேராக இழுத்தாள். முத்திரையை ஊதி ஊதிக் குத்தினாள். எழுதிவிட்டு, பழைய இடத்திலேயே காந்தத்தை வைத்தாள்.

செல்விக்கு இந்த ஜப்பானிய எழுத்து படிக்க வராது. “இன்னா எழுதிக்கீது?” என்று என்னைக் கேட்டாள். வாசித்துச் சொன்னேன்.

“மேலே இருப்பார். தேட வேண்டாம்.”